உறைநிலத்தின் மேல் ஒரு நகரம்

நுழையும்முன்

ஆற்றங்கரைகளில் நகரங்கள் தோன்றியதை வரலாற்றில் படித்திருக்கிறோம். துறைமுகங்களும் வணிகப் பாதைகள் கூடும் இடங்களும் நகரங்களாக வளர்ந்ததையும் அறிவோம். பயிர் விளையாத, பாதை இல்லாத, ஆண்டில் பெரும்பகுதி பனி மூடிய நிலத்தில், மண்ணுக்கடியில் கிடந்த உலோகத்தின் பொருட்டே எழுந்த நகரம் ஒன்று உண்டு. சைபீரியாவின் வடகோடியிலுள்ள அந்நகரின் பெயர் நொரில்ஸ்க். அதனை நோக்கிய பயணமாக இக்கட்டுரை அமைகிறது.

சொல் தேடிய கதை

தமிழில் ‘பனி’ என்னும் ஒரு சொல் புல்லின் நுனியில் நிற்கும் துளியையும் குறிக்கும். மார்கழி விடியலில் தெருவை மறைக்கும் மூட்டத்தையும் குறிக்கும். இமயத்தின் உச்சியில் உறைந்து கிடப்பதையும் குறிக்கும். முன்பனி, பின்பனி என இரு பருவங்களுக்குப் பெயர் வைத்த நம் முன்னோர், நிலத்தை ஐந்திணையாகப் பகுத்தபோது பனிநிலம் என ஒன்றை வகுக்கவில்லை. வகுக்க வேண்டிய தேவை எழவுமில்லை. ஆகவே நொரில்ஸ்க்கைப் பற்றித் தமிழில் எழுத முனைபவர் முதலில் சொற்களைத் தேட வேண்டியிருக்கிறது. அந்நகரின் அடியில், கோடையிலும் உருகாமல், சில நூறு மீட்டர் ஆழம் வரை கல்லாக இறுகிய மண் கிடக்கிறது. அதனை இப்பாடத்தில் ‘உறைநிலம்’ என்று அழைப்போம். இந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்நகரின் கதை முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது.

வழியற்ற ஊருக்கு வழி

நொரில்ஸ்க், 69 பாகை வட அகலக்கோட்டை ஒட்டி, ஆர்க்டிக் வட்டத்திற்கு வடக்கே ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. ஏறத்தாழ ஒன்றே முக்கால் இலட்சம் மக்கள் அங்கு வாழ்கின்றனர். இத்தனை பேர் வாழும் நகரத்திற்கு நாட்டின் பிற பகுதிகளிலிருந்து சாலை இல்லை; இருப்புப்பாதையும் இல்லை. மாஸ்கோவிலிருந்து நான்கு மணி நேரத்திற்கு மேல் வானூர்தியில் பறந்து அலிகேல் நிலையத்தில் இறங்க வேண்டும். கோடையில் மட்டும் வேறொரு வழி திறக்கும். கிராஸ்நயார்ஸ்க் நகரில் கப்பலேறி, யெனிசி ஆற்றின் போக்கிலேயே ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் வடக்கே சென்றால் துதின்கா என்னும் ஆற்றுத் துறைமுகம் வரும். அங்கிருந்து நொரில்ஸ்க்குச் சாலை உண்டு. சரக்கு வண்டிகள் ஓடும் இருப்புப்பாதையும் உண்டு. அது இவ்விரு ஊர்களையும் அவற்றை ஒட்டிய தொழிலிடங்களையும் மட்டும் இணைத்து, உலகின் வேறு எந்தத் தண்டவாளத்தோடும் சேராமல் தனித்து நிற்கிறது.

துதின்கா துறைமுகத்தின் நடைமுறை வியப்புக்குரியது. வசந்த காலத்தின் முடிவில் யெனிசியின் பனிக்கட்டி உடைந்து பெருவெள்ளத்தோடு வடக்கு நோக்கி நகரும். அப்போது துறைமேடைகள் நீரில் மூழ்கிவிடும். எனவே ஒவ்வோர் ஆண்டும் வெள்ளத்திற்கு முன்பே பளுதூக்கிகளையும் பிற கருவிகளையும் மேட்டுக்கு நகர்த்துகின்றனர். வெள்ளம் வடிந்தபின் சேற்றையும் பனிப்பாளங்களையும் அகற்றி, அவற்றை மீண்டும் கரைக்குக் கொண்டுவருகின்றனர். துறைமுகம் ஆண்டுதோறும் ஒருமுறை கலைக்கப்பட்டு ஒருமுறை கட்டப்படுகிறது என்றே சொல்லலாம். ஏனைய மாதங்களில், பனியை உடைத்துச் செல்லும் வலிமை பெற்ற கப்பல்கள் இங்கிருந்து உலோகத்தை ஏற்றிக்கொண்டு, வடகடல் வழியே மூர்மான்ஸ்க் துறைமுகத்துக்குச் செல்கின்றன.

நொரில்ஸ்க் மக்கள் இரஷ்யாவின் ஏனைய பகுதியை ‘மத்தெரிக்’ என்கின்றனர். அதன் பொருள் பெருநிலம், அதாவது கண்டம். நொரில்ஸ்க்கும் அதே ஆசியக் கண்டத்தின் மண்ணில்தான் இருக்கிறது. இடையில் கடல் ஏதுமில்லை. ஆயினும் விடுப்பில் ஊருக்குச் செல்பவர், “பெருநிலத்துக்குப் போகிறேன்” என்றே சொல்கிறார். தீவுக்கு நீர்தான் எல்லையாக வேண்டும் என்பதில்லை என்பதை இந்த ஒரு சொல் காட்டுகிறது. கண்ணாடியிழை வழி இணைய இணைப்பு இந்நகருக்கு 2017ஆம் ஆண்டில்தான் வந்தது.

அயல்நாட்டவர் இங்கு நினைத்தவுடன் செல்ல முடியாது. 2001 முதல் அவர்கள் சிறப்பு அனுமதி பெற்றே நகருக்குள் நுழைய வேண்டும். எனவே நம்மில் பெரும்பாலோர்க்கு இது எழுத்தின் வழியே செல்லும் பயணம்தான்.

கால்களின்மேல் நிற்கும் வீடுகள்

நகரின் முதன்மைத் தெரு லெனின் பெருஞ்சாலை. அதன் இருபுறமும் தூண்களும் வளைவுகளும் அமைந்த கம்பீரமான கட்டடங்கள் நிற்கின்றன. லெனின்கிராடிலிருந்து வந்த கட்டடக் கலைஞர்கள் தம் நகரை நினைவில் கொண்டு இவற்றை வடிவமைத்தனர். மஞ்சள், இளஞ்சிவப்பு, நீலம் எனச் சுவர்களுக்குப் பூசியுள்ள வண்ணங்கள், பல மாதங்கள் வெண்மையும் கருமையும் மட்டுமே காணும் கண்களுக்கு இளைப்பாறுதல்.

அத்தெருவைக் கடந்து அடுக்குமாடிக் குடியிருப்புகளை நெருங்கினால் ஒன்று புலப்படும். பல கட்டடங்களின் கீழ்த்தளம் தரையைத் தொடுவதில்லை. கட்டடத்தின் அடியில் ஓர் ஆள் குனிந்து செல்லக்கூடிய வெற்றிடம் இருக்கிறது. அதன் வழியே காற்று தாராளமாக ஊடுருவிச் செல்கிறது. கற்காரைக் கம்பங்கள் கட்டடத்தைத் தாங்குகின்றன.

இதன் காரணத்தை அறிய உறைநிலத்தின் இயல்பை அறிய வேண்டும். உறைந்திருக்கும் வரை அது பாறையைப் போல வலிமையானது. உருகினாலோ, அதனுள் கலந்திருக்கும் பனிக்கட்டி நீராகி, மண் சேறாகிக் குழைந்துவிடும். அதன்மேல் நேரடியாக வீடு கட்டினால், வீட்டுக்குள் மூட்டும் வெப்பமே அடியிலுள்ள மண்ணை உருக்கும், சுவர் பிளக்கும், வீடு சாயும். குளிரைத் தாங்க வீட்டைச் சூடாக்க வேண்டும். வீடு நிற்க வேண்டுமானால் மண்ணைக் குளிராக வைத்திருக்க வேண்டும். இந்த முரண்பாட்டுக்கு விடையாக வந்ததே கட்டடத்தின் அடியிலுள்ள அவ்வெற்றிடம். குளிர்காலக் காற்று அதன் வழியே வீசி, வீட்டின் வெப்பம் மண்ணை அடையாதபடி அள்ளிச் செல்கிறது.

தொடக்க காலத்தில் அடிப்பாறை தென்படும் வரை தோண்டி அடித்தளம் இட்டனர். அது பெருஞ்செலவும் நெடுங்காலமும் பிடித்த வேலை. உறைநிலத்தில் துளையிட்டு, கற்காரைக் கம்பத்தை இறக்கி, சுற்றிலும் மண்குழம்பை ஊற்றினால், குளிரே அக்குழம்பை இறுக்கிக் கம்பத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பது பின்னர் வந்த முறை. உறைநிலத்தைப் பகையாகக் கருதாமல் அதனையே சாந்தாகப் பயன்படுத்திய அறிவு இது. இம்முறையை இங்கு வளர்த்தெடுத்தவர்களுள் முதன்மையானவர், கொரிய இனத்தவரான பொறியாளர் மிகயீல் கிம். இப்பணிக்காக 1966இல் அவருக்கு லெனின் பரிசு கிடைத்தது. அவர் இந்நகருக்கு முதன்முதலில் வந்தது பொறியாளராக அன்று; கைதியாக. இக்கட்டுரையில் இப்படிப்பட்ட மேலும் சிலரைச் சந்திக்கப் போகிறோம்.

சாலையோரங்களில் நீர்க்குழாய்களும் வெப்பக்குழாய்களும் தரைக்கு மேலேயே செல்கின்றன. புதைத்தால் அவையும் மண்ணை உருக்கிவிடும். குடியிருப்புகள் ஒன்றையொன்று நெருங்கி, நடுவில் முற்றம் அமையுமாறு சதுரமாக நிற்கின்றன. அழகுக்காக அவ்வாறு அமைக்கவில்லை. புயற்காற்று முற்றத்துக்குள் நுழையாமல் தடுப்பதற்காகவே அமைத்தனர்.

பகலற்ற பகலும் இரவற்ற இரவும்

நவம்பர் இறுதியில் ஒருநாள் கதிரவன் தொடுவானத்தின் கீழ் இறங்கும். அடுத்து அது தலைகாட்டுவது சனவரி நடுப்பகுதியில்தான். இடைப்பட்ட ஏறத்தாழ 45 நாள்கள் துருவ இரவு எனப்படும். முற்றிருள் என்று எண்ண வேண்டா. நண்பகலில் தென்வானில் நீலமும் சாம்பலும் கலந்த மங்கல் ஒளி சிறிது நேரம் பரவி மறையும். கோடையில் இதற்கு நேர்மாறாக, மே மாத நடுப்பகுதிக்குப் பின்னிருந்து இரு மாதங்களுக்கு மேல் கதிரவன் மறைவதே இல்லை. நள்ளிரவில் வெயில் காயும்போது உறங்குவதற்கு மக்கள் தடித்த திரைகளால் சன்னலை மூடிக்கொள்கின்றனர்.

குளிர் சில நாள்களில் உறைநிலைக்குக் கீழ் 50 பாகை செல்சியசையும் எட்டும். ஆனால் நொரில்ஸ்க் மக்கள் குளிரைவிடக் காற்றையே மிகுதியாக அஞ்சுகின்றனர். பனித்துகளை வாரி இறைத்துக்கொண்டு வரும் புயலில் எதிரே நிற்பவர் முகம் தெரியாது. மிகக் கடுமையான புயலைக் ‘கரும்புயல்’ என்றே அழைக்கின்றனர். அந்நாள்களில் நகருக்கும் தொழிற்சாலைகளுக்கும் இடையே பேருந்துகள் தனித்துச் செல்வதில்லை; அணிவகுத்து ஒன்றன்பின் ஒன்றாகச் செல்கின்றன. ஒன்று பனியில் சிக்கினால் மற்றவற்றில் இருப்பவர் காப்பாற்ற வேண்டும் என்பதே நோக்கம்.

உங்கள் வயது மாணவர்க்கு இந்நகரில் ஒரு தனிச் சலுகை உண்டு. வெப்பநிலையையும் காற்றின் வேகத்தையும் சேர்த்துக் கணக்கிடுவர். அக்கணக்கு குறிப்பிட்ட எல்லையைத் தாண்டினால் சிறிய வகுப்புகளுக்கு விடுமுறை. அதனினும் கடுமையானால் பெரிய வகுப்புகளுக்கும் விடுமுறை. நம் ஊரில் மழைக்கால விடியலில் தொலைக்காட்சிச் செய்தியை எதிர்பார்த்து அமர்ந்திருப்பதைப் போலவே அங்குள்ள பிள்ளைகளும் காலை அறிவிப்பை எதிர்பார்த்திருப்பர் போலும்!

இத்தகைய குளிரிலும், நகரின் நடுவேயுள்ள நீள் ஏரியில் நீராடும் குழுவினர் சிலர் உள்ளனர். தம்மை அவர்கள் ‘வால்ரசு’ என்னும் பனிக்கடல் விலங்கின் பெயரால் அழைத்துக்கொள்கின்றனர். நீண்ட தந்தம் உடையது அது. மின் நிலையத்தின் வெந்நீர் கலப்பதால் அந்த ஏரியின் ஒரு பகுதி உறைவதில்லை. 1941இல் தொடங்கிய நாடக அரங்கம் ஒன்றும் இங்குண்டு. ஹேம்லெட் வேடத்தால் பின்னாளில் உலகப் புகழ்பெற்ற திரைக்கலைஞர் இன்னகெந்தி ஸ்மக்தூனவ்ஸ்கி, போருக்குப் பிந்திய ஆண்டுகளில் இவ்வரங்கில் நடித்தவர். உலகின் வடகோடி மசூதிகளுள் ஒன்றும் இந்நகரில்தான் உள்ளது. 1998இல் அது திறக்கப்பட்டது. வேலை தேடிக் காகசுப் பகுதியிலிருந்தும் நடு ஆசியாவிலிருந்தும் வந்த குடும்பங்கள் இங்கு மிகுதி.

இவர்கள் அனைவருக்கும் முன்பே தைமீர் தீபகற்பத்தில் வாழ்ந்தவர்கள் உண்டு. நெனெத்சு, தோல்கன், ங்கனசான், எனெத்சு, எவெங்கி ஆகிய மக்கள் கலைமான் மேய்த்தும் வேட்டையாடியும் மீன்பிடித்தும் வாழ்ந்தனர். அவர்கள் இந்நிலத்தில் நகரம் கட்டவில்லை. பருவந்தோறும் இடம்பெயர்வதே இந்நிலத்தில் வாழும் முறை என்று கண்டிருந்தனர்.

தெரிந்து தெளிவோம்

நொரில்ஸ்க்கின் அருகே தொடங்கும் புத்தொரானா பீடபூமி, படிக்கட்டுகளைப் போன்ற கரும்பாறை அடுக்குகளும் எண்ணற்ற அருவிகளும் ஏரிகளும் கொண்டது. 2010இல் யுனெஸ்கோ இதனை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. காட்டுக் கலைமான்களின் பெருங்கூட்டம் இடம்பெயரும் பாதை இதன் வழியே செல்கிறது.

உலோகம் பிறந்த கதை

மனிதர் ஏன் இங்கு வந்து குடியேறினர்? விடை 25 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் இருக்கிறது. அக்காலத்தில் சைபீரியாவின் பெரும்பரப்பில் நிலம் பிளந்து, பாறைக்குழம்பு வெள்ளமாகப் பெருக்கெடுத்தது. புவியின் வரலாற்றில் அறியப்பட்ட உயிரினப் பேரழிவுகளுள் மிகப்பெரியது நேர்ந்ததும் அக்காலத்தில்தான்; அவ்வெரிமலைப் பெருக்கே அதற்கு முதன்மைக் காரணம் என்று புவியியலாளர் பலர் கருதுகின்றனர். மேலெழுந்த பாறைக்குழம்பு, வழியிலிருந்த படிவுப் பாறைகளின் கந்தகத்தைத் தன்னுள் ஈர்த்துக்கொண்டது. குழம்பில் கரைந்திருந்த நிக்கல், செம்பு, பல்லேடியம், பிளாட்டினம் ஆகியவை கந்தகத்தோடு சேர்ந்து, கனமான துளிகளாகி அடியில் தங்கின. அவ்வாறு தங்கியதே நொரில்ஸ்க்கின் தாது. அதன் சுரங்கங்களுள் சில ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் மேல் ஆழமானவை; தரைமேல் எலும்பை உறையவைக்கும் குளிர் நிலவும்போது, ஆழத்தில் பாறை வெதுவெதுப்பாக இருக்கும்.

தாதுவில் கந்தகம் இருக்கிறது என்பதை மறவாதீர்கள். அதனிடம் மீண்டும் வருவோம்.

முதல் வீட்டைக் கட்டியவர்

நிக்கோலாய் உர்வன்ட்செவ் 1893இல் பிறந்தவர். தோம்ஸ்க் நகரில் படித்த புவியியலாளர். 1919இல் அவர் இப்பகுதிக்கு வந்தபோது தேடியது நிக்கல் அன்று. வடகடலில் செல்லும் கப்பல்களுக்கு வேண்டிய நிலக்கரி. நிலக்கரியும் கிடைத்தது, அதனினும் அரிய தாதுவும் கண்ணில் பட்டது. அடுத்தடுத்த ஆண்டுகளில் மீண்டும் மீண்டும் வந்து ஆய்ந்தார். 1921இல் அவருடைய குழுவினர் மரக்கட்டைகளால் சிறு வீடு ஒன்றைக் கட்டிக் குளிர்காலத்தைக் கழித்தனர். நொரில்ஸ்க்கின் முதல் வீடு அதுவே.

1922இல் பியாசினா ஆற்றின் வழியே கடலுக்குச் சென்ற அவர், வேறொரு துயரக் கதையின் முடிவையும் கண்டார். நார்வே நாட்டுத் துருவப் பயணி அமுண்ட்சென், பனியில் சிக்கிய தம் கப்பலிலிருந்து இரு மாலுமிகளிடம் அஞ்சல்களைக் கொடுத்து அனுப்பியிருந்தார். அவர்கள் போய்ச் சேரவே இல்லை. கடற்கரையில் கிடந்த அவ்வஞ்சல்களைக் கண்டெடுத்தவர் உர்வன்ட்செவ். 1930 முதல் 1932 வரை, செவெர்னயா செம்லியா என்னும் தீவுக்கூட்டத்தை நால்வர் மட்டுமே கொண்ட குழு வரைபடமாக்கியது. உலகப்படத்தில் கடைசியாக இடம்பெற்ற பெரிய தீவுக்கூட்டம் அது. அந்த நால்வருள் இவரும் ஒருவர்.

இத்தகைய ஒருவரை 1938இல் அவருடைய நாடே கைது செய்தது. அரசுக்கு எதிராகச் சதி செய்தார் என்பது குற்றச்சாட்டு. தண்டனை பெற்ற அவர் அனுப்பப்பட்ட முகாம்களுள் ஒன்று நொரில்ஸ்க். தாம் கண்டறிந்த தாதுவை, தாம் முதல் வீடு கட்டிய ஊரில், கைதியாகவே அவர் ஆய்ந்தார். 1945இல் விடுதலை பெற்றார். குற்றமற்றவர் என்று அரசு ஒப்புக்கொண்டது 1954இல்தான்.

கம்பிவேலிக்குள் எழுந்த நகரம்

உர்வன்ட்செவின் கதை தனியொருவர் கதை அன்று. 1935இல் சோவியத் அரசு, நொரில்ஸ்க்கில் உலோகத் தொழிற்சாலை அமைக்கும் பொறுப்பை உள்துறைக் காவல் அமைப்பிடம் ஒப்படைத்தது. கூலிக்கு ஆள் கிடைக்காத இடத்தில் கைதிகளைக் கொண்டு வேலை முடிப்பதே அதன் பொருள். ‘நொரில்லாக்’ என்னும் முகாம் உருவானது. 1956இல் அது மூடப்படும் வரை இலட்சக்கணக்கானோர் அதன் வழியே சென்றனர். துதின்காவிலிருந்து வரும் இருப்புப்பாதை, உலைகள், லெனின் பெருஞ்சாலையின் அழகிய மாளிகைகள் ஆகியவற்றைக் கட்டிய கைகளுள் பெரும்பாலானவை அவர்களுடையவை. கவிஞர் அன்னா அக்மதோவாவின் மகனும் வரலாற்றறிஞருமான லெவ் குமிலியோவ் இம்முகாமில் இருந்தார்; வானியலாளர் நிக்கோலாய் கோசிரெவ் இருந்தார். பெயர் தெரிந்தவர் சிலர்; பெயர் தெரியாத உழவரும் தொழிலாளரும் ஆசிரியரும் பல்லாயிரவர்.

போர்க்காலத்தில் பீரங்கி வண்டிகளின் எஃகுக்கு நிக்கல் இன்றியமையாததாக இருந்தது. 1942இல் இங்கு உருவான முதல் நிக்கல் வானூர்தியில் கொண்டுசெல்லப்பட்டது. வெற்றியின் வரலாற்றில் அந்த வானூர்தி இடம்பெறுகிறது. அதனை நிரப்பியவர்களோ நெடுங்காலம் இடம்பெறவில்லை.

1953 மார்ச்சில் ஸ்டாலின் மறைந்தார். அவ்வாண்டு மே மாத இறுதியில் நொரில்ஸ்க்கின் சிறப்பு முகாமில் ஆயிரக்கணக்கான கைதிகள் வேலை செய்ய மறுத்தனர். அவர்கள் கேட்டவற்றைக் கவனியுங்கள்: வேலை நேரத்தைக் குறைத்தல், குடும்பத்தாருக்குக் கடிதம் எழுதும் உரிமை, ஆடையில் தைத்திருக்கும் எண்ணை அகற்றுதல். எண்ணாக அன்றிப் பெயராக இருக்க விரும்பினர். ஆகஸ்டு தொடக்கம் வரை நீண்ட அப்போராட்டம் துப்பாக்கியால் அடக்கப்பட்டது. ஆயினும் கோரிக்கைகள் சில நிறைவேறின. சில ஆண்டுகளில் முகாமும் கலைந்தது. அதே 1953இல்தான் நொரில்ஸ்க் நகரம் என்னும் தகுதியைப் பெற்றது.

நகரின் ஓரத்தில் ஷ்மித் மலை உள்ளது. அதன் அடிவாரத்தில் கைதிகளைப் புதைத்தனர். இன்று அங்கே நினைவுச்சின்னங்கள் நிற்கின்றன. போலந்து நாட்டினரும் பால்டிக் நாட்டினரும் தத்தம் மக்களுக்காக எழுப்பியவையும் அவற்றுள் உள்ளன.

காற்றைத் தூய்மையாக்கும் உலோகம்

இப்போது கந்தகத்துக்குத் திரும்புவோம். தாதுவை உலையில் இட்டு உருக்கும்போது கந்தகம் எரிந்து கந்தக டை ஆக்சைடாக வெளியேறுகிறது. நொரில்ஸ்க்கின் உலைகள் பல்லாண்டுகளாக ஆண்டுக்கு ஏறத்தாழ 20 இலட்சம் டன் அளவுக்கு இவ்வளியை வெளியிட்டன. முழு நாடுகள் பலவும் இந்த அளவை எட்டுவதில்லை. காற்று நகரை நோக்கித் திரும்பும் நாளில் தொண்டை கரிக்கும், இருமல் எழும், மக்கள் வாயையும் மூக்கையும் துணியால் மூடிக்கொண்டு நடப்பர். காற்று அடிக்கும் திசையில் பல்லாயிரம் சதுர கிலோமீட்டர் பரப்பில் ஊசியிலைக் காடு பட்டுப்போயிற்று. மிக மெதுவாகவே வளரும் மரங்கள் அவை. ஒரு மனிதர் வாழ்நாளில் அக்காடு மீளாது.

உலகின் பல்லேடியத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு இங்கிருந்து செல்கிறது. அதன் முதன்மைப் பயன் யாது? மகிழுந்துகளின் புகைபோக்கியில் பொருத்தும் வினையூக்கி மாற்றியில் அது இடம்பெறுகிறது. பெட்ரோல் எரிந்து வரும் நச்சு வளிகளைத் தீங்கு குறைந்தவையாக மாற்றுவதே அதன் வேலை. தொலைவிலுள்ள பெருநகரங்களின் தெருக்களில் மூச்சு எளிதாவதற்கு உதவும் உலோகம், மூச்சுத் திணறும் ஊரிலிருந்து வருகிறது. இதில் யாரை நோவது என்று எளிதில் சொல்லிவிட இயலாது. நொரில்ஸ்க்கின் தொழிலாளி அவ்வேலையை விரும்பியே செய்கிறார். ஊதியம் பெருநிலத்தைவிட மிகுதி. பணி ஓய்வும் முன்னதாகவே கிடைக்கும். நகரின் பள்ளியும் மருத்துவமனையும் நீச்சற்குளமும் அவ்வுலோகத்தைச் சார்ந்தே நிற்கின்றன. உலை நின்றால் நகரமும் நிற்கும்.

மாற்றம் வராமலும் இல்லை. நகருக்கு மிக அருகிலிருந்த, 1942 முதல் இயங்கிய நிக்கல் உருக்காலை 2016இல் மூடப்பட்டது. நதேஷ்தா என்னும் பெரிய உருக்காலையில், வெளியேறும் கந்தக வளியைப் பிடித்து, சுண்ணாம்புக்கல்லோடு வினைபுரியச் செய்து, ஜிப்சமாக மாற்றும் அமைப்பு 2023இல் தொடங்கியது. நதேஷ்தா என்பதற்கு இரஷ்ய மொழியில் ‘நம்பிக்கை’ என்று பொருள்.

மண் தளரும்போது

2020 மே 29 அன்று, நகரின் அனல்மின் நிலையம் ஒன்றில் டீசல் சேமிப்புத் தொட்டியின் அடித்தளம் தளர்ந்து தொட்டி உடைந்தது. 20,000 டன்னுக்கும் மேற்பட்ட டீசல் கொட்டிற்று. தால்திகன், அம்பார்னயா ஆகிய ஆறுகள் செந்நிறமாயின. விண்வெளியிலிருந்து எடுத்த படங்களிலும் அந்நிறம் தெரிந்தது. ஆர்க்டிக் பகுதியில் நேர்ந்த எண்ணெய் விபத்துகளுள் மிகப்பெரியவற்றுள் அது ஒன்று. தொட்டிக்கு உரிய நிறுவனத்துக்கு நீதிமன்றம் 14,600 கோடி ரூபிள் இழப்பீடு விதித்தது. அதனை நிறுவனம் செலுத்தியது.

காரணம் எது என்பதில் கருத்துகள் மாறுபட்டன. புவி வெப்பமடைவதால் உறைநிலம் உருகியதே காரணம் என்றனர் நிறுவனத்தார். கட்டுமானக் குறைபாடும் கவனிப்புக் குறைவுமே காரணம் என்றது அரசின் தொழிற்பாதுகாப்பு அமைப்பு. இரண்டும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல என்றே தோன்றுகிறது. மண் தளர்கிறது என்று தெரிந்த இடத்தில் அடித்தளத்தைச் சோதித்துப் பார்ப்பது மும்மடங்கு கடமையாகிறது அல்லவா?

ஏனெனில் ஆர்க்டிக் பகுதி, உலகின் பிற பகுதிகளைவிட மிக விரைவாக வெப்பமடைந்து வருகிறது. மிகயீல் கிம்மும் அவர் காலத்தவரும் கம்பங்களை ஊன்றியபோது, அடியிலுள்ள குளிர் என்றும் மாறாது என்ற கணக்கில் ஊன்றினர். இன்று அக்கணக்கு பிழைபட்டுவருகிறது. சுவர்களில் விரிசல் கண்ட வீடுகள் காலி செய்யப்படுகின்றன, சில இடிக்கப்பட்டுவிட்டன. கட்டடங்களின் அடியில் மண்ணின் வெப்பநிலையை அளக்கும் கருவிகளைப் பொருத்தி வருகின்றனர். குழாயிலிருந்து வெந்நீர் கசிந்தாலும் உடனே அடைக்க வேண்டும். சிறு கசிவும் ஒரு கம்பத்தின் பிடியைத் தளர்த்திவிடும்.

பலர் ஓய்வு பெற்றதும் பெருநிலத்துக்குச் சென்றுவிடுகின்றனர். சில ஆண்டுகள் உழைத்துப் பொருள் சேர்த்துத் திரும்பிவிடலாம் என்று வந்து, பிள்ளைகளும் பெயரர்களும் இங்கேயே பிறக்க, போகாமலே தங்கிவிட்டவர்களும் உண்டு. தண்டனை முடிந்தும் ஊர் திரும்பாத கைதிகளின் வழிவந்தவர்களும் அவர்களிடையே இருக்கின்றனர்.

உர்வன்ட்செவ் பின்னாளில் லெனின்கிராடில் வாழ்ந்து, 1985இல் தம் 92ஆம் வயதில் மறைந்தார். அவருடைய மனைவியும் அதே ஆண்டில் மறைந்தார். இருவருடைய சாம்பற்கலங்களும் நொரில்ஸ்க்குக் கொண்டுவரப்பட்டு அம்மண்ணில் வைக்கப்பட்டன. தெரு ஒன்று அவர் பெயரைத் தாங்குகிறது. 1921இல் அவர் கட்டிய மரவீடு இன்று அருங்காட்சியகம்.